யுஹா லெய்விஸ்கா: வெளிச்சத்துக்காகச் சுவர் எழுப்பியவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹெல்சிங்கிக்கு யார் வந்தாலும் அவர்களை ரயிலேற்றி லெய்விஸ்கா கட்டிய ஒரு புறநகர் சர்ச்சுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். போகும்போது "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்பார்கள். திரும்பும்போது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

யார் இந்த லெய்விஸ்கா?

பின்லாந்துக் கட்டிடக் கலைஞர். 1936 மார்ச் 17 அன்று ஹெல்சிங்கியில் பிறந்தார், 2023 நவம்பர் 9 அன்று தன் 87-ஆவது வயதில் காலமானார். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து 1963-இல் பட்டம் வாங்கினார். நூலகம், தூதரகம், நகர மன்றம் என்று பலவும் கட்டியிருக்கிறார், ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சர்ச்சுகள்தான், அதிலும் குறிப்பாக 1984-இல் முடிந்த மியூர்மாகி சர்ச்.

பெயரை எப்படிச் சொல்வது?

யுஹா லெய்விஸ்கா. பின்னிஷ் மொழியில் ஜே என்ற எழுத்துக்கு 'ய' ஒலி, அதனால் "ஜுஹா" என்று சொல்லிவிடாதீர்கள். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். கடைசி 'கா' நம்முடைய 'கா'வுக்கும் 'கே'வுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். அதைத் தமிழில் எழுத வழியில்லை, விட்டுவிடலாம்.

மொத்தம் எத்தனை சர்ச் கட்டியிருக்கிறார்? நூறு இருக்குமா?

இல்லை, இங்கேதான் பலர் ஏமாந்து போவார்கள். பின்லாந்தில் முப்பதுக்கும் மேல் சர்ச் கட்டிய யோசெஃப் ஸ்டென்பேக் போன்றவர்களும் இருந்திருக்கிறார்கள். லெய்விஸ்கா அந்த வகை இல்லை. முக்கியமானவற்றை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்: ஓலு நகரத்தில் பரிசுத்த தோமா சர்ச் (1975), வான்டாவில் மியூர்மாகி (1984), குவோபியோவில் மான்னிஸ்டோ (1992), ஹெல்சிங்கியின் பாகிலா பகுதியில் நல்ல மேய்ப்பன் சர்ச் (2002). இவற்றோடு நக்கிலா (1970), கிர்க்கோநும்மி (1984) ஆகிய ஊர்களின் சபை மையங்கள். அதாவது ஆராதனைக்கூடம் இல்லாமல் கூட்டம், வகுப்பு, காபி எல்லாம் நடக்கிற கட்டிடங்கள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் பத்து வருடங்கள்கூடப் போயிருக்கின்றன.

ஹெல்சிங்கியில் பாறைக்குள் குடைந்த சர்ச் ஒன்று இருக்கிறதே, அது இவருடையதா?

இல்லை. அது டெம்ப்பெலிஆவுகியோ. டிமோ, டுவோமோ சுவோமலைனென் என்ற சகோதரர்கள் வடிவமைத்தது, 1969-இல் திறந்தது. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அங்கே போய்த்தான் நிற்கும். நல்ல கட்டிடம், குறை சொல்லவில்லை. ஆனால் அது உள்ளே நுழைந்த ஒரு நிமிடத்தில் தன் விஷயம் முழுவதையும் சொல்லி முடித்துவிடும். லெய்விஸ்காவின் சர்ச்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் ஏதோ நடப்பது தெரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் அதற்குள் சூரியன் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

மியூர்மாகி சர்ச்சில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், இடத்தை விட்டுவிட்டால் அந்தக் கட்டிடம் புரியாது. வான்டா என்பது ஹெல்சிங்கியின் வடக்கே இருக்கும் ஊர், 1974-இல்தான் நகரம் என்ற தகுதி பெற்றது. 1975-இல் மார்டின்லாக்சோ ரயில் பாதை வந்தது, அதை ஒட்டி அடுக்குமாடி வீடுகள் மளமளவென்று எழுந்தன. குடிவந்தவர்களுக்கு ஒரு சர்ச் வேண்டும். கிடைத்த மனையோ ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் பிர்ச் மரங்கள் நிற்கும் பூங்கா, நடுவில் ஒல்லியான ஒரு துண்டு நிலம். யாராக இருந்தாலும் "வேறு இடம் பாருங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

லெய்விஸ்கா அந்த ஒல்லித்தனத்தையே பிடித்துக்கொண்டார். கட்டிடத்தைத் தண்டவாளத்துக்கு இணையாக நீளவாக்கில் படுக்க வைத்தார். ரயில் பக்கம் முதுகு, பூங்காப் பக்கம் முகம். பழைய ஊர்களில் கோட்டை மதிலை ஒட்டி வீடுகள் சாய்ந்து நிற்குமே, அந்த மாதிரி ரயில் பாதையை ஒரு மதிலாக வைத்துக்கொண்டு அதன்மேல் சாய்ந்து நிற்கிறது இந்த சர்ச். பூங்காப் பக்கமிருந்து பார்த்தால் கட்டிடம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே சொல்ல முடியாது. உயரமும் குட்டையுமாகச் செங்கல் சுவர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், நடுநடுவே பிர்ச் மரங்கள். மரத்தின் வெள்ளைத் தண்டும் சுவரின் செங்குத்துக் கோடும் கலந்துபோய்விடும்.

முன்வாசல் கம்பீரம் எதுவும் கிடையாது. தாழ்வான ஒரு நுழைவு, கொஞ்சம் மங்கலான நடை, திரும்பினால் கூடம், கூடத்தில் தலைக்கு மேல் திடீரென்று உயரம். அந்த உயரத்திலிருந்து வெள்ளைச் சுவர்கள் தனித்தனிப் பலகைகளாக இறங்கி வருகின்றன, ஒன்றை ஒன்று தொடாமல். இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் கண்ணாடி. அந்தக் கண்ணாடி உங்கள் கண்ணுக்குத் தெரியாது, முன்னால் இருக்கும் சுவர் அதை மறைத்துவிடும். தெரிவதெல்லாம் பின்னால் இருக்கும் சுவரில் வழியும் வெளிச்சம் மட்டுமே. கிறிஸ்டீனா நியூர்ஹினென் வடிவமைத்த மெல்லிய துணிகள் பீடத்தின் பின்னால் தொங்குகின்றன. அவையும் பார்ப்பதற்கு இன்னொரு சுவர்ப்பலகை போலத்தான் இருக்கும், காற்றில் எடையில்லாமல் நிற்கும் பலகை.

நான் முதல் தடவை போனபோது பக்கத்தில் ரயில் ஓடுகிறது என்பதையே மறந்துவிட்டேன்.

ஜன்னலை ஏன் மறைக்க வேண்டும்? வெளிச்சம் வேண்டுமென்றால் பெரிதாக ஒரு கண்ணாடி வைத்தால் போதாதா?

வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். ஹெல்சிங்கியை ஒட்டிய ஓட்டானியெமியில் காயா, ஹெய்க்கி சிரேன் தம்பதி 1957-இல் கட்டிய மாணவர் தேவாலயத்தில் பீடத்தின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி, சிலுவை வெளியே காட்டுக்குள் நிற்கும். அது ஒரு வழி. அங்கே நீங்கள் பார்ப்பது காட்டை.

லெய்விஸ்காவின் ஆசை வேறு. வெளியே இருக்கும் எதையும் காட்டாமல், வெளிச்சம் உள்ளே வந்து சுவரில் என்ன செய்கிறது என்பதை மட்டும் காட்ட வேண்டும். ஜன்னல் கண்ணில் பட்டால் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், கூசவும் செய்யும். மறைத்துவிட்டால் சுவரே ஒளிர்கிற மாதிரி இருக்கும். மேகம் வந்தால் சுவர் சாம்பலாகும், விலகினால் மஞ்சளாகும், கிளை அசைந்தால் நிழலும் அசையும். கட்டிடம் என்பது வெளிச்சம் வாசிப்பதற்கான ஒரு வாத்தியம் என்ற பொருளில் அவர் பேசுவது வழக்கம். வீணையைச் செய்து வைத்துவிட்டார், வாசிக்கிறவர் மேலே இருக்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு காரணம் ஊர் இருக்கும் அட்சரேகை. ஹெல்சிங்கி ஏறத்தாழ 60 பாகை வடக்கு. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறரை பாகைக்குள்தான் ஏறும், பகல் பொழுது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் நடுப்பகல் சூரியன் 53 பாகை வரை ஏறும், பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம் நீளும். ஒரு வேடிக்கை: சென்னையில் டிசம்பர் மத்தியான வெயில் எந்த உயரத்தில் அடிக்கிறதோ, அதே உயரம்தான் ஹெல்சிங்கியில் நடுக்கோடையின் உச்சி. ஆக இங்கே சூரியன் எப்போதும் பக்கவாட்டில் வருகிற விருந்தாளி. பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்தைப் பிடிக்கக் கூரையைவிடச் சுவர்தான் உதவும், அதுவும் உயரமான, நெருக்கமாக நிற்கும் சுவர்கள். இந்த விஷயம் பிடிபட்ட பிறகு எனக்கு அந்தப் பலகைச் சுவர்கள் அலங்காரமாகத் தெரிவதே இல்லை, சோலார் பேனலைச் சாய்த்து வைப்பது போல அவ்வளவு நடைமுறையான காரியமாகத் தெரிகிறது.

அப்படியானால் இருட்டுகிற மாதங்களில் என்ன செய்வார்கள்?

விளக்கு போடுவார்கள்! அந்த விளக்குகளும் அவர் வடிவமைத்தவையே. 1960-களின் கடைசியிலிருந்தே தன் கட்டிடங்களுக்குத் தொங்குவிளக்குகளைத் தானே செய்ய ஆரம்பித்தார். பிறகு பின்லாந்தின் ஆர்டெக் என்ற மரச்சாமான் நிறுவனம் அவற்றைத் தயாரித்து விற்றது, இன்றும் பின்லாந்து வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கு மேல் பார்க்கலாம்.

சர்ச்சில் அவை ஒன்றிரண்டாக இருக்காது. நீண்ட மெல்லிய கம்பிகளில், வெவ்வேறு உயரங்களில், கூட்டம் கூட்டமாகத் தொங்கும். எல்லாம் சிறியவை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குக் கொஞ்சம் மேலே வரை இறங்கி வரும். அதனால் மேலே கூடம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கீழே உட்காருகிறவருக்கு ஒரு வீட்டுக் கூடத்தின் நெருக்கம் கிடைக்கும். பகலில் சுவர்கள் பேசும், விளக்குகள் அடங்கி இருக்கும். குளிர்கால மாலையில் இது தலைகீழாகும். என்னைக் கேட்டால் டிசம்பரில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை என்று இரண்டு முறை போக வேண்டும். எல்லோருக்கும் அது முடியாது, தெரியும்.

இசைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? எல்லோரும் அதையே சொல்கிறார்களே.

அவர் பியானோ வாசிப்பார். கட்டிடக்கலை ஓவியம், சிற்பத்தைவிட இசைக்குத்தான் அதிகம் நெருக்கமானது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. கட்டிடக் கலைஞர்கள் இப்படிச் சொல்வது புதிதில்லை, பாதிப் பேருக்கு அது மேடைப் பேச்சு. இவர் விஷயத்தில் வரைபடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சுவர்களின் இடைவெளிகளைக் கவனியுங்கள். ஒரே சீராக இருக்காது. நெருக்கமாக நாலு, பிறகு ஒரு இடைவெளி, பிறகு அகலமாக ஒன்று, மறுபடி நெருக்கம். பியானோவின் சுரத்தட்டு மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் ஒரு தாளத்தில் சுவர்கள் போக, மறுபக்கம் விளக்குகள் வேறு தாளத்தில் தொங்கும், இரண்டும் ஓரிடத்தில் வந்து சேரும்.

அவர் படித்த காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் ஆவுலிஸ் ப்ளோம்ஸ்டெட் பேராசிரியராக இருந்தார். இசையின் சுருதி விகிதங்களுக்கும் கட்டிட அளவுகளுக்கும் உள்ள உறவை வருடக்கணக்கில் ஆராய்ந்து, 60 என்ற எண்ணை அடிப்படையாக வைத்து ஓர் அளவுமுறையே உருவாக்கியவர். அந்தக் காற்று அங்கே வீசிக்கொண்டிருந்தது. லெய்விஸ்கா கணக்கைவிடக் காதைத்தான் அதிகம் நம்பினார் என்று எனக்குத் தோன்றும், இது என் அபிப்பிராயம்தான்.

இவ்வளவு எளிமையான கட்டிடங்களுக்கு பரோக் பாணி எப்படித் தூண்டுதலாக இருக்க முடியும்? பரோக் என்றால் தங்கமும் தேவதைகளும் ஆயிற்றே?

நல்ல கேள்வி, எனக்கும் முதலில் இது ஒட்டவில்லை. தென் ஜெர்மனியின் 18-ஆம் நூற்றாண்டு சர்ச்சுகள், பால்தசார் நாய்மன் போன்றவர்கள் கட்டியவை, அவருக்கு மிகவும் பிடிக்கும். அங்கே போய் நின்றால் முதலில் தங்கமும் சுதைச் சிற்பமும்தான் தெரியும், சரி. அதையெல்லாம் மனத்தில் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். சுவர் ஒற்றையாக இருக்காது, தூண்களுக்குப் பின்னால் இன்னொரு சுவர், அந்த இரண்டாவது சுவரில்தான் ஜன்னல், ஆகவே வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று நடுக்கூடத்தில் நிற்பவருக்குத் தெரியாது. முழுக்கூடமும் எடையிழந்து மிதப்பதுபோல இருக்கும். லெய்விஸ்கா எடுத்துக்கொண்டது இந்த வித்தையை மட்டும். தேவதைகளை ஜெர்மனியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

சுவர்களைத் தனிப் பலகைகளாக நிறுத்துவது வேறு இடத்திலிருந்து வந்தது. 1920-களின் டி ஸ்டைல் என்ற டச்சுக் கலை இயக்கம், ஜெர்மன் கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வரைந்து, கட்டப்படாமலே போன செங்கல் பங்களாவின் வரைபடம், இவற்றில் சுவர் என்பது பெட்டியின் பக்கமாக இல்லாமல் தன்பாட்டுக்கு வெளியே ஓடும். அப்புறம் பின்லாந்தின் பழைய மரச் சர்ச்சுகள். பெட்டாயாவெசி மரச் சர்ச் 1763–65-இல் ஒரு கிராமத்து ஆசாரி கட்டியது, இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே போனால் பெரும்பாலும் வண்ணம் பூசாத மரமும் கூரை வளைவும்தான் தெரியும், அதுவே போதுமானதாக இருக்கும். ஆக தென் ஜெர்மனி, ஹாலந்து, பின்லாந்துக் காடு, மூன்றையும் ஒரே அடுப்பில் ஏற்றியவர் இவர்.

படங்கள், சிலைகள் ஒன்றுமே இல்லையே. லூத்தரன் என்பதாலா?

ஓரளவுக்கு. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்த அதே லூத்தரன் மரபுதான் பின்லாந்தின் பெரும்பான்மைத் திருச்சபை. பிரசங்கமும் பாமாலையும் அங்கே முக்கியம், ஆகவே கூடத்தில் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், ஆர்கனும் சபையின் பாட்டும் கலந்து ஒலிக்க வேண்டும். உடைந்த, படிப்படியான சுவர்ப்பரப்புகள் ஒலிக்கும் நல்லதே, வழுவழுப்பான ஒற்றைச் சுவரில் வரும் எதிரொலித் தொல்லை குறையும். ஆனால் லூத்தரன் சர்ச் என்றால் படமே கூடாது என்றில்லை. லார்ஸ் சோங்க் கட்டி 1907-இல் முடிந்த டாம்பெரே பேராலயம் சுவரோவியங்களால் நிறைந்தது. படம் வேண்டாம் என்று முடிவு செய்தது மதத்தைவிட இவருடைய ரசனை.

குவோபியோவில் சுவர் நிறம் மாறுமாமே?

ஆமாம், மான்னிஸ்டோ சர்ச். பரிசுத்த யோவான் சர்ச் என்பது அதன் முழுப்பெயர். சுவர் வெள்ளைதான், அதில் மெல்லிய மஞ்சள், நீலம், சிவப்பு என்று நிறங்கள் படர்ந்திருக்கும். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் வண்ணம் எதுவும் பூசியிருக்காது. ஓவியர் மார்க்கு பாக்கோனென், சபையார் கண்ணுக்குத் தெரியாத பரப்புகளில், அதாவது பலகைச் சுவர்களின் மறைவான பக்கங்களில், வண்ணம் கொடுத்திருக்கிறார். வெயில் அங்கே பட்டுத் தெறித்து எதிரில் இருக்கும் வெள்ளைச் சுவரில் விழுகிறது. வெயில் போனால் ஓவியமும் போய்விடும். மஞ்சள் சேலை கட்டியவர் பக்கத்தில் நின்றால் நம் சட்டையிலும் மஞ்சள் அடிக்குமே, விஷயம் அவ்வளவுதான். அதைப் பீடத்தின் ஓவியமாக்க நினைத்ததுதான் பெரிய காரியம்.

புதிய சர்ச் கட்ட இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

வரி. பின்லாந்தில் திருச்சபை உறுப்பினர்கள் வருமானத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல் சபை வரியாகக் கட்டுகிறார்கள், ஊருக்கு ஊர் விகிதம் மாறும். 1960 முதல் 1980-கள் வரை நாடு முழுக்க மக்கள் கிராமத்தை விட்டு நகரப் புறங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள், அன்றைக்கு ஏறத்தாழ எல்லோரும் உறுப்பினர்கள், புறநகர் சபைகளுக்குக் காசும் இருந்தது, தேவையும் இருந்தது. திறந்த போட்டி வைத்து வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பின்லாந்தில் பலமாக உண்டு. அதனால்தான் பெரிய சிபாரிசு இல்லாத இளைஞர்களுக்கும் இப்படிப்பட்ட வேலைகள் கிடைத்தன. லெய்விஸ்காவே பெர்டெல் சார்னியோ என்ற கட்டிடக் கலைஞருடன் சேர்ந்து போட்டியில் வென்று கோவோலா நகர மன்றத்தைக் கட்டியபோது (1968-இல் முடிந்தது) முப்பத்திரண்டு வயதுக்காரர்தான். இப்போது உறுப்பினர்கள் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, புதிய சர்ச்சுகளைவிட இருப்பதைப் பராமரிப்பதுதான் சபைகளின் தலைவலி.

பழைய கட்டிடத்துக்குப் பக்கத்தில் புதியது கட்டும்போது என்ன செய்வார்?

ஒதுங்கி நிற்பார். நக்கிலாவில் எர்க்கி ஹுட்டுனென் கட்டிய வெள்ளை நிற நவீன சர்ச் (1937) ஒரு மேட்டில் கம்பீரமாக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் சபை மையம் கட்டக் கிடைத்தபோது அவர் எதையும் உயரமாக எழுப்பவில்லை, தாழ்வாக, நிலத்தோடு நிலமாகப் படுக்கவைத்தார். கிர்க்கோநும்மியில் அருகே இருப்பது இடைக்காலக் கல் சர்ச். அங்கே அந்தக் கல் கட்டிடத்தைச் சுற்றி ஊர்ச்சந்தைச் சூழல் உருவாகும்படி புதிய சுவர்களை அமைத்தார்.

தனியாக எடுத்து வைத்தால் என் கட்டிடம் ஒன்றுமே இல்லை, சுற்றுப்புறமும் வாழ்க்கையும் வெளிச்சமும் சேரும்போதுதான் அதற்கு அர்த்தம் என்ற பொருள்பட அவர் சொல்லியிருக்கிறார். அடக்கத்துக்காகச் சொன்ன வார்த்தை என்றுதான் முதலில் நினைத்தேன். மியூர்மாகியில் ரயில் பாதை, நக்கிலாவில் மேடு, கிர்க்கோநும்மியில் கல் சர்ச், குவோபியோவில் சரிவு என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தால் அது வேலைத்திட்டமே. பக்கத்தில் இருப்பதிலிருந்து கடன் வாங்காமல் அவர் ஒரு சுவரும் எழுப்பியதில்லை. 1978 முதல் அவருடைய அலுவலகக் கூட்டாளியாக இருந்த வில்ஹெல்ம் ஹெலாண்டர் கட்டிடக்கலை வரலாற்றுப் பேராசிரியர், பழைய கட்டிடங்களைச் சீரமைப்பதில் கைதேர்ந்தவர். அந்தக் கூட்டும் சும்மா அமைந்ததில்லை.

சர்ச் தவிர?

ஹெல்சிங்கியில் வல்லிலா நூலகம் (1991), பகல்நேரக் குழந்தைகள் காப்பகமும் அதே கட்டிடத்தில். ஜெர்மன் தூதரகம் (1993). பெத்லகேமில் பாலஸ்தீன லூத்தரன் சபையோடு சேர்ந்த ஒரு பண்பாட்டு, மாநாட்டு மையம். வல்லிலா நூலகம் யாரும் பணம் கட்டாமல் நுழையக்கூடிய இடம். சர்ச்சுக்குள் போகத் தயங்குகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம், அதே வெளிச்சம், அதே விளக்குகள், புத்தகமும் கிடைக்கும்.

வெளிநாட்டில் இவரைத் தெரியுமா?

தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் கட்டிடக்கலைப் பரிசை 1992-இல் ஜப்பானின் தடாவோ ஆண்டோ, 1995-இல் லெய்விஸ்கா, 1998-இல் சுவிட்சர்லாந்தின் பீட்டர் சும்தோர் வாங்கினார்கள். மற்ற இரண்டு பெயர்களும் உலகப் புகழ் பெற்றுவிட்டன, இருவருக்கும் பின்னர் வேறு பெரிய விருதுகளும் வந்தன. இவர் பின்லாந்திலேயே இருந்துகொண்டு கொஞ்சமாகக் கட்டினார். 1997-இல் நாட்டின் மிக உயர்ந்த கலை மரியாதையான கல்விக்கழகக் கலைஞர் பட்டம் கொடுத்தார்கள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சில கோணங்களில், முக்கியமாக மியூர்மாகியில் ரயில் பக்கமிருந்து, இது சர்ச்சா ஏதாவது கிடங்கா என்று சந்தேகம் வரும். வருபவர்கள் வாசலைத் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே இலக்கணத்தை முப்பது வருடம் மாற்றிமாற்றி எழுதினார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. நான்கு சர்ச்சுகளின் உட்புறப் படங்களைக் கலைத்துப் போட்டால் எது எந்த ஊர் என்று பழகியவர்களே திணறுவார்கள். என் பதில்: ஒரே ராகத்தை வாழ்நாள் முழுக்கப் பாடியவர்களை நாம் குறை சொல்வதில்லையே. ஆனால் வெள்ளைச் சுவர், வெள்ளைச் சுவர், மேலும் வெள்ளைச் சுவர் என்று சலித்துக்கொள்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். அவர்கள் மேகமூட்டமான நாளில் போயிருப்பார்கள்.

ஓலுவில் இருப்பது தோமா சர்ச் என்றீர்களே, நம்ம சாந்தோம் தோமாவா?

அதே அப்போஸ்தலர்தான். பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை. கட்டிட ரீதியாகப் பார்த்தால் லெய்விஸ்கா தன் பாணியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த இடம் அது, ஒன்பது வருடம் கழித்து மியூர்மாகியில் அது முழுசாகப் பழுத்தது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம், எப்படிப் போவது?

மியூர்மாகி. பெயரை நம்பி மியூர்மாகி நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள், ஹெல்சிங்கியிலிருந்து வந்தால் அதற்கு அடுத்த நிலையமான லோஹெலாவில் இறங்குங்கள், சர்ச் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. 2015-இல் அந்தப் பாதையை விமான நிலையம் வழியாகச் சுற்றிவரும்படி இணைத்துவிட்டார்கள், ஆக ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்தும் மாறாமல் வரலாம். அடுத்த விமானத்துக்கு நாலைந்து மணி நேரம் இருந்து, விசாவும் இருந்தால் போய்விட்டே திரும்பலாம்.

எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், நேரத்தைச் சபையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஞாயிறு காலை ஆராதனைக்கே போங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மொழி புரியாது, பரவாயில்லை. அப்போது மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பின்வரிசையில், பூங்காப் பக்கமாக உட்காருங்கள். முன்னால் போய் உட்கார்ந்தால் பீடம் மட்டும்தான் தெரியும், சுவர்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.